செவியாவில் தபாஸ் நடை: சைவ அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

வணக்கம். அக்டோபரில் நானும் அம்மாவும் ஸ்பெயினின் செவியா நகரத்தில் மூன்று நாள் தங்குகிறோம். வழிகாட்டியோடு கடை கடையாக ஏறி இறங்கி தபாஸ் என்ற சிறு தட்டு உணவுகளைச் சாப்பிடும் நடைக்குப் பதிவு செய்ய ஆசை. போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சமைக்கும் எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் அந்த ஊரில் பிரபலம். நம் கூட்டு மாதிரிதான் என்று ஆசை காட்டி வைத்திருக்கிறேன். ஆனால் சால்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிச் சூப்பின் மேல் அவித்த முட்டையும் பன்றித் தொடைக்கறியும் தூவித் தருகிறார்களே! தூவாமல் கேட்டால் கிடைக்குமா? வழிகாட்டியிடம் முன்பே சொன்னால் மாற்று ஏற்பாடு நடக்குமா, இல்லை ஆலிவ் காயும் ரொட்டியும்தான் கதியா?

அப்புறம் நேரம். அங்கே இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்கு மேல்தான். அம்மா அதற்குள் தூங்கிவிடுவார். அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ட்ரியானா சந்தையில் தொடங்கும் பகல் நடையைப் பார்க்கிறேன். 1670இல் தொடங்கிய எல் ரின்கொன்சீயோ என்ற தபாஸ் கடைக்கும் போக வேண்டும், அங்கே கணக்கைச் சாக்கட்டியால் மரப்பலகையிலேயே எழுதுவார்கள். ஆனால் நின்றுகொண்டே சாப்பிடுவது அம்மாவுடைய முழங்காலுக்கு ஆகாது. உட்கார இடம் தரும் சிறு குழு நடை ஏதாவது தெரியுமா? போன வருஷம் வேறொரு ஊரில் இருபது பேரோடு போய், வழிகாட்டி பேசியது ஒன்றுமே காதில் விழவில்லை.