புது பிரேக் ஷூ போட்டும் பிரேக் பிடிக்காத பழைய வண்டிகள்: கண்ட அனுபவங்களை ஊர்ப் பேரோட போடுங்க

தக்கலை:
யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். முன்வீலுக்குப் புது ஷூ போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. லிவரை முழுசாப் பிடிச்சாலும் குழித்துறை இறக்கத்துல வண்டி வேகம் குறையவே மாட்டேங்குது. வீலோட சுத்துற டிரம்மைத் திறந்தா, ஷூ மேல ஒட்டியிருக்க லைனர் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கண்ணாடிப் பளபளப்பு, ரெண்டு ஓரமும் பாக்கெட்டுல இருந்து எடுத்த அதே நிறம். அந்தப் பளபளப்பு இன்னும் கண்ணுலயே நிக்கு. டிரம் தேஞ்சு வட்டம் பெருசாயிருக்கும், புது ஷூவோட வளைவு சின்னது, அதனால நடு மட்டும் உரசுது. லைனர் முழுக்க சாக்பீஸ் தடவி மாட்டி, வீலைச் சுத்தி லேசா பிரேக் பிடிச்சுக் கழட்டுங்க. சாக் அழிஞ்ச இடத்தை மட்டும் 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்க்கணும். முக்கால் பாகம் தொடுற வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யணும், நாலஞ்சு தடவை ஆகும். தூசியை ஊதாதீங்க. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால துடைங்க.

மார்த்தாண்டம்:
தக்கலை அண்ணன் சொன்னது சரிதான், ஆனா அது ரெண்டாவது வேலையாக்கும். முதல்ல பிரேக் ஆர்மோட, அதாவது கேபிள் இழுக்கிற கம்பியோட, கோணத்தைப் பாக்கணும். இங்க வந்த ஒரு புல்லட்டுல லிவரை விட்ட பொறவும் முன்வீல் சுத்தல, ஷூவை விரிக்கிற கேம் குறுக்கே நிமிந்து மாட்டிக்கிட்டு கெடந்தது. லைனர் தேயத் தேய ஷூவை மாத்தாம, ஆர்மை கேம் தண்டுல ஒவ்வொரு பல்லாத் தள்ளிப் போட்டு கேபிளை இறுக்கியிருக்காங்க. ஷூ டிரம்மைத் தொடுற நேரத்துல ஆர்முக்கும் கேபிளுக்கும் 90 டிகிரி இருக்கணும். அதைத் தாண்டினா கையில எவ்வளவு அமுக்கினாலும் பலம் போய்ச் சேராது. லைனர் கனம் 2 மில்லிமீட்டருக்குக் கீழ போச்சுன்னா பல்லைத் தள்ளுற பேச்சே வேண்டாம், ஷூவை மாத்துங்க.

கேக்காட்டாலும் சொல்லுதேன், ரெண்டு கேம் உள்ள முன் டிரம் வச்சிருக்கவங்களுக்கு. ரெண்டு ஆர்மையும் இணைக்கிற கம்பியைக் கழட்டுங்க. ஒவ்வொரு ஆர்மையும் தனித்தனியா கையால தள்ளி ஷூ தொடுற இடத்தைப் பிடிங்க. ரெண்டும் தொட்டு நிக்கிற நிலையில கம்பி நீளத்தைச் சரிபண்ணி மாட்டுங்க. இது தப்பினா ஒரு ஷூதான் வேலை செய்யும், மத்தது சும்மா இருக்கும். ரெண்டு கேம் உள்ள புல்லட்டுல இந்தக் குறையும் வரும்.

குளச்சல்:
கடலோரத்து வண்டிக்கு ரெண்டு பேர் சொன்னதும் போதாது. கேம் தண்டு உப்புக்காத்துல துருப்பிடிச்சு, ஷூ மாட்டுற பிளேட்டுக்குள்ள இறுகியிருக்கும். லிவர் மெதுவாத் திரும்பி வந்தா அதாக்கும் அடையாளம். வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி, சூடு தாங்குற கிரீஸ் மெல்லிசாப் பூசணும். கூடுதலா வச்சா உருகி லைனர்ல ஏறும், அந்த லைனர் பொறவு ஆகாது. கேபிளையும் சேர்த்தே மாத்திருங்க.

குலசேகரம்:
இவ்வளவு பாடு எதுக்கு, டிஸ்க் போட்டுட்டா போதாதா? ஆனா அப்படிப் போட்ட ஒரு ஆர்எக்ஸ் கோதையாறு பக்கத்துல இருந்து வந்துச்சு. லிவர் கல்லு மாதிரி, வண்டி நிக்கல.

மார்த்தாண்டம்:
உங்க கேள்விக்குப் பதில் அந்த வண்டியிலேயே இருக்கு, அண்ணா. லிவர் பக்கத்துல ஆயிலை அமுக்குற மாஸ்டர் சிலிண்டர் ஒரு வண்டியோடது, டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பர் வேற வண்டியோடதா இருக்கும். மாஸ்டர் பிஸ்டன் பெருசானா லிவர் கல்லாகும், பிரஷர் குறையும். சின்னதானா லிவர் ஹேண்டில் வரைக்கும் வந்துரும். ரெண்டும் ஒரே வண்டியில இருந்து வரணும், முன்வீலைப் பிடிக்கிற ஃபோர்க்கும் காலிப்பர் மாட்டுற காது உள்ளதா இருக்கணும். பிரேக் ஆயில் டாட் 4 வகை, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஈரத்தை இழுத்து வச்சா நீள இறக்கத்துல கொதிச்சு லிவர் பஞ்சாகும். கம்பெனி குடுத்த அமைப்பை மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுல வரும், அதையும் யோசிங்க.

நாகர்கோவில்:
யாரும் ஸ்போக்கைப் பேசல. ஸ்போக் இழுத்து டிரம் கோணலா இருந்தா லிவர் கையில துடிக்கும், சாக்பீஸ் வேலை முழுக்க வீண். லேத்துல டிரம்மைக் கடையறதுக்கு முன்னால ஸ்போக்கை இறுக்கி வீலை நேராக்கணும். கடைஞ்ச பொறவு இறுக்கினா டிரம் திரும்பவும் இழுபட்டுப் போகும். டிரம்முல பொறிச்சிருக்க அதிகபட்ச அளவைத் தாண்டிக் கடையவும் கூடாது. இங்க ரெண்டு பருவமழையும் பெய்யுது. டிரம்முக்குள்ள வெள்ளம் கேறினா, ஓட்டம் குறைஞ்ச இடத்துல பிரேக்கை லேசாப் பிடிச்சபடியே கொஞ்ச தூரம் போய்க் காய வைக்கணும்.

தக்கலை:
நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன லேத் வரிசை ரொம்பச் சரி. விட்டுப்போன ஒண்ணு: வீலை மாட்டும்போது ஆக்சில் நட்டை லூசா வச்சு, லிவரை முழுசாப் பிடிச்சு, அப்படியே நட்டை இறுக்கணும். அப்பதான் ரெண்டு ஷூவும் டிரம் நடுவுல உக்காரும். கையால பிடிக்கிறதுக்குப் பதிலா ஒரு கயிறால லிவரைக் கட்டி வச்சுக்கிட்டு முறுக்கினா கை ரெண்டும் ஓய்வா இருக்கும். கடைசியா 40 கிலோமீட்டர் வேகத்துல இருந்து பத்துத் தடவை நிறுத்திப் பாருங்க, ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஒரு நிமிஷம் ஆற விடணும்.