நாட்பட்ட நுரையீரல் தொற்றும் உயிர்ப்படலமும்: நாங்கள் நேரில் கண்டவை

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் உறுப்பினர்:

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகித் தேங்கும் மரபுநோய்), பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிடும் நோய்) ஆகியவை உள்ளவர்களின் சளியைக் கல்ச்சர் செய்வது, அதாவது அதிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது, என் அன்றாட வேலை. ஒரே நோயாளியின் மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருபவள் என்பதால், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா ஒரு மனிதரின் நுரையீரலுக்குள்ளேயே எப்படி மாறிப்போகிறது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். புதிதாகத் தொற்றியவரின் மாதிரியில் அது தட்டையாகப் பரவி, நீலப்பச்சை நிறமியைக் கசியவிட்டு, திராட்சை வாசனையுடன் வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே நோயாளியின் மாதிரியை வளர்த்தால், அகார் என்னும் வளர்ப்புக்கூழின் மீது ஈரமாக மினுங்கும் கொழகொழப்பான மேடுகள்தான் பெரும்பாலும் தென்படும். கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் அவை நூலாக இழுபடும்.

அந்தக் கொழகொழப்பின் பெயர் ஆல்ஜினேட். பாக்டீரியாக்கள் இப்படித் தாமே சுரக்கும் பசைக்குள் கூடி வாழும் அமைப்பையே உயிர்ப்படலம் என்கிறோம். அதைச் சுரக்கும் மரபணுக்களை இயக்கும் ஆல்ஜ்-யூ என்ற புரதத்தை, மக்-ஏ என்ற மற்றொரு புரதம் கடிவாளமாக இருந்து பிடித்து வைத்திருக்கிறது. செல்லின் உறைக்கு நெருக்கடி வரும்போது ஒரு நொதி மக்-ஏவை வெட்டத் தொடங்குகிறது, ஆல்ஜ்-யூ விடுபடுகிறது, ஆல்ஜினேட் பெருகுகிறது. நெருக்கடி நீங்கினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் நாட்பட்ட தொற்றில் பெரும்பாலும் நடப்பது வேறு. மக்-ஏ மரபணுவிலேயே பிறழ்வு ஏற்பட்டு, அந்தப் புரதம் செயலிழந்து, கடிவாளம் நிரந்தரமாக அவிழ்ந்துவிடுகிறது. கிருமியைக் கொல்ல வந்த வெள்ளையணுக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடே இத்தகைய பிறழ்வைத் தூண்டக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நம் உடலின் தற்காப்பே கிருமிக்கு அரணாகிவிடும் இந்த நிலை எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, பாக்டீரியாக்களைக் காட்டும் கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், பாக்டீரியாக்கள் தனித்தனியாக இல்லாமல் திட்டுத்திட்டாகவும், அவற்றைச் சுற்றி வெள்ளையணுக்கள் அடர்ந்தும் தெரியும். 1970களில் கோபன்ஹேகனில் நுண்ணுயிரியலாளர் நீல்ஸ் ஹாய்பி கவனித்ததும் இத்தகைய திட்டுகளைத்தான். உயிர்ப்படலம் என்றதும் குழாயின் சுவரில் படிந்த பாசியைப் போன்ற ஒன்றை எண்ணிக்கொள்கிறோம். நுரையீரலிலோ அது பெரும்பாலும் சுவரில் ஒட்டாமல், சளிக்குள் புதைந்த சிறு சிறு கூட்டங்களாக இருக்கிறது. வெள்ளையணுக்கள் அருகிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், அந்தக் கூட்டங்கள் ஏறத்தாழ ஆக்சிஜனே இல்லாத சூழலில், மிக மெதுவாக வளர்கின்றன. மெதுவாக வளரும் செல்லின்மீது பல ஆன்டிபயாடிக்குகள் சரியாக வேலை செய்வதில்லை.

நோயுற்ற மகளைப் பராமரிக்கும் உறுப்பினர்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் நடப்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. என் மகள் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை, மருந்தை ஆவியாக்கும் நெபுலைசர் வழியாக 28 நாள் எடுத்துக்கொண்டு, அடுத்த 28 நாள் நிறுத்துகிறாள். அறிக்கையில் ஒவ்வொரு முறையும் டோப்ராமைசினுக்கு நேராக 'உணர்திறன் உள்ளது', அதாவது மருந்துக்குக் கிருமி அடங்கும், என்றே அச்சாகி வருகிறது. ஆனால் மருந்தை நிறுத்தும் வாரங்களில் இருமல் கூடுகிறது. சளியும் மீண்டும் பச்சையாகிறது. டார்னேஸ் ஆல்ஃபா என்ற சளி இளக்கும் மருந்தைத் தொடங்கிய பிறகு சளி இளகி எளிதாக வெளியேறுகிறது என்பது உண்மை. மடிந்த வெள்ளையணுக்களிலிருந்து கொட்டிய டி.என்.ஏ-வை அது துண்டாக்குகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. சளியின் ஆழத்தில் மருந்து குறைவாகவே போய்ச் சேரும் என்றால், அந்தக் குறைந்த அளவு கிருமியைச் சற்றேனும் அடக்குமா, இல்லை கெட்டிப்படுத்துமா?

பாக்டீரியாவின் சமிக்ஞைகளை ஆராயும் உறுப்பினர்:

சகோதரி, உங்கள் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது. கொல்லப் போதாத அளவு டோப்ராமைசின், சூடோமோனாஸை மேலும் உயிர்ப்படலம் கட்டத் தூண்டுகிறது என்று 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது ஆய்வகத்தில் கண்ட முடிவு. அதைக் கொண்டு யாரும் மருந்தைத் தாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. உணர்திறன் அறிக்கையும் பொய்யன்று. திரவத்தில் தனித்து மிதக்கும் செல்களை வைத்தே அந்தச் சோதனை நடக்கிறது. படலத்துக்குள் இருக்கும் அதே பாக்டீரியாவைக் கொல்ல நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை கூடுதல் செறிவு தேவைப்படலாம்.

மிதப்பதா, கூடி ஒட்டிக்கொள்வதா என்ற முடிவின் மையத்தில் சைக்ளிக்-டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு இருக்கிறது. 1987இல் செல்லுலோஸ் சுரக்கும் வேறொரு பாக்டீரியாவில்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. செல்லுக்குள் இதன் அளவு உயர்ந்தால், நீந்த உதவும் கசையிழைக்கான மரபணுக்கள் அடங்குகின்றன. பெல், பிஎஸ்எல் என்னும் பசைச் சர்க்கரைகள் பெருகுகின்றன. இதைக் கண்ணால் பார்ப்பதும் எளிது. காங்கோ சிவப்பு கலந்த அகாரில் இந்த மூலக்கூறு மிகுந்த திரிபுகளை (ஒரே பாக்டீரியாவின் மாறுபட்ட வகைகளை) வளர்த்தால், சாயத்தை உறிஞ்சி, சுருக்கம் விழுந்த சிறிய சிவப்புக் கட்டிகளாக (பாக்டீரியாக் குவியல்களாக) நிற்கின்றன. பக்கத்திலேயே மூலத் திரிபு வழவழப்பாகப் பரந்து கிடக்கும். நோயாளிகளின் சளியிலிருந்தும் அத்தகைய சிறுகட்டிகள் கிடைக்கின்றன.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது கோரம் சென்சிங். பாக்டீரியாக்கள் தங்கள் அடர்த்தியை ஒன்றுக்கொன்று உணர்த்திக்கொள்ளும் வேதிப் பேச்சு அது. அதன் லாஸ் சமிக்ஞையை உண்டாக்க இயலாத திரிபு மெலிந்த, வடிவமற்ற படலத்தையே கட்டுகிறது என்று 1998இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு சொன்னது. அப்படியானால் நாட்பட்ட நோயாளிகளிடம் இந்த அமைப்பு உறுதியாக இயங்க வேண்டுமல்லவா? ஆனால் அவர்களிடமிருந்து எடுத்த திரிபுகளில், அந்தச் சமிக்ஞையை வாங்கும் லாஸ்-ஆர் மரபணு பழுதாகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். அகாரில் உலோகத் தகடுபோல் பளபளக்கும் கட்டிகளே பல நேரங்களில் அதற்கு முதல் அடையாளம். அவற்றுள் சில, ஆர்ஹெச்எல் என்ற மற்றொரு சமிக்ஞை அமைப்பைத் தனியே இயக்கிக்கொள்ளவும் கற்றிருக்கின்றன.

மக்-ஏ, லாஸ்-ஆர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். தொடக்கத்தில் உயிர்ப்படலம் கட்டுவது கிருமி சூழலை உணர்ந்து எடுக்கும் முடிவு. அதை மாற்றிக்கொள்ளும் வழியும் அதனிடம் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல, முடிவெடுக்கும் கருவிகளையே அது இழந்து, ஒரே வாழ்முறையில் நிலைத்துவிடுகிறது. சமிக்ஞையை மறிக்கும் மருந்துகளைத் தேடும் நாங்கள், எந்தக் கட்டத்துக் கிருமியைக் குறிவைக்கிறோம் என்பதை இன்னும் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பவர் செவியே பழுதாகிவிட்ட பிறகு பேச்சை மறித்துப் பெரும்பயன் இராது.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் உறுப்பினர்:

ஐயா சொன்னதை ஒட்டி ஒரு நடைமுறைச் செய்தி. தொற்று முதன்முறை தென்பட்டவுடனேயே டோப்ராமைசினை உள்மூச்சில் கொடுத்தால், பலரிடம் கிருமியை முற்றிலும் அகற்ற முடிகிறது. கொழகொழப்பு வந்துவிட்ட பிறகு அது அரிது. ஆகவே, ஒருவரின் சளியில் சூடோமோனாஸ் முதல் தடவையாக வளர்ந்தால், அச்சிட்ட அறிக்கை போகட்டும் என்று காத்திராமல் மருத்துவரை அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். கட்டிகள் வழவழப்பானவையா, கொழகொழப்பானவையா என்பதையும் அறிக்கையில் தனி வரியாக எழுதுகிறோம். சகோதரி, உங்கள் மகளின் பழைய அறிக்கைகளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மாதிரி கொடுக்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.