மார்பகச் சுய பரிசோதனை: எதை இயல்பு என்று விடலாம், எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்?

காவிரிக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. குழந்தைகளுக்குப் பாலூட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, அது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. அதிலிருந்து நானும் மாதந்தோறும் கையால் தடவிப் பார்த்து வருகிறேன். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் இரண்டு பக்கமும் மணிமணியாகத் தட்டுப்பட்டு வலிக்கின்றன. விலக்கு முடிந்ததும் அடங்கிவிடுகின்றன. ஆனால் வலப்பக்கம் அக்குளை ஒட்டிய ஓர் இடம் மட்டும் எப்போதும் சற்றுத் தடித்திருப்பதாகப் படுகிறது. வலி இல்லை. வலியே இல்லாததற்கு டாக்டர் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். சரியான முறையையும், கவலைப்பட வேண்டிய அறிகுறிகளையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

செவிலி_மதுரை:
சகோதரி, விலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் பாருங்கள். அப்போதுதான் வீக்கமும் வலியும் தணிந்து, தடவுவது தெளிவாகப் புலப்படும். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் தூக்கியும், இடுப்பில் ஊன்றி அழுத்தியும் பார்த்தால், சாதாரணமாக நிற்கும்போது தெரியாத குழிவுகூட வெளிப்பட்டுவிடும். பிறகு படுத்துக்கொண்டு, பார்க்கும் பக்கத்துத் தோளுக்கடியில் சிறு தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்குப் பின்னால் மடக்கிக்கொள்ளுங்கள். மறு கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் குத்தாமல், விரல் ரேகை உள்ள தட்டையான பகுதியால் சிறு வட்டங்களாக அழுத்துங்கள்; ஒவ்வோர் இடத்திலும் முதலில் மென்மையாக, அடுத்துச் சற்று அழுத்தமாக, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும் அளவுக்கு. அக்குளில் தொடங்கி, மேலும் கீழுமாக வரிசை விடாமல் நடு நெஞ்செலும்பு வரை வர வேண்டும். மேற்புற வெளிப்பகுதியும் அக்குளும் அவசரத்தில் விடுபட்டுப் போகும் இடங்கள். புற்றுநோய்க் கட்டிகள் அதிகம் தோன்றுவதும் அந்த மேற்புற வெளிப்பகுதியில்தான். குளிக்கும்போது சோப்பு நுரையோடு தடவினால் விரல் எளிதாக வழுக்கும் என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள், அதுவும் சரியே.

மீண்டவள்:
எனக்குக் கட்டி எதுவும் கையில் படவில்லை. எப்போதும் வெளியே நீண்டிருந்த இடக் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் கவனித்து மருத்துவரிடம் போனேன். ஸ்கேனிலும் திசுப் பரிசோதனையிலும் நோய் உறுதியானது. பிறவியிலிருந்தே உள்வாங்கிய காம்பு பலருக்கு உண்டு, அது வேறு. புதிதாக வந்த மாற்றமா என்பதுதான் கேள்வி. ஆகவே கட்டியை மட்டும் தேடாதீர்கள். தோலில் குழிவு, ஆரஞ்சுப் பழத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பிலும் அதைச் சுற்றியும் களிம்புக்கு ஆறாத சிரங்கு, அழுத்தாமலே ஒரு காம்பிலிருந்து மட்டும் கசியும் இரத்தம் அல்லது நீர், பாலூட்டாத காலத்தில் வந்து மாத்திரைக்கு அடங்காத சிவப்பும் வீக்கமும், ஒரு மார்பகத்தின் அளவோ வடிவமோ மாறுவது: இவற்றில் எது புதிதாகத் தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்கேன்_மருத்துவர்:
வலியைப் பற்றி உங்கள் வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்கையொட்டி இரு பக்கமும் வந்து போகும் வலி பெரும்பாலும் ஹார்மோன் மாற்றத்தால் வருவது. எனவே வலி இல்லை என்பது போகாமலிருக்கக் காரணமே ஆகாது.

சுய பரிசோதனையின் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. ஷாங்காய் நகர நெசவாலைகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுய பரிசோதனை கற்றுத்தரப்பட்டவர்களிடையே இறப்பு குறையவில்லை; புற்றல்லாத கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகள்தாம் கூடின. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்விலோ, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதித்ததில், 50 வயதைக் கடந்தவர்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. உங்கள் விரல்கள் உங்கள் உடலின் வழக்கத்தை அறிந்து வைத்திருக்கட்டும். பயிற்சி பெற்றவரின் பரிசோதனையும், உரிய வயதில் மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரேயும் அதற்கு மேல் தேவை. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது.

உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நிலையாகத் தடித்திருப்பதால், அடுத்த மாதமும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்க வேண்டாம். அங்கே இயல்பான மார்பகத் திசுவே அக்குள்வரை நீண்டிருக்கக்கூடும். ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியது மருத்துவர். சித்தியின் நோயையும் அது வந்தபோது அவருக்கு இருந்த வயதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையா?

ஸ்கேன்_மருத்துவர்:
அந்த அச்சம் தேவையற்றது. ஊசி வழியாகத் திசு எடுப்பதால் நோய் முற்றிப்போவதில்லை. அது இல்லாமல் எந்த வகை, எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்கவும் முடியாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. உங்கள் வயதில் நார்க்கட்டியாகவோ நீர்க்கட்டியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் மருத்துவர் கையால் பார்ப்பார், அடுத்து ஸ்கேன் எடுப்பார்கள். தேவை இருந்தால் மட்டுமே ஊசி.