கீழ்க் கடைவாய் இம்ப்ளான்ட்: ஓபிஜி போதுமா, சிபிசிடி எடுக்கணுமா? ஸ்கேன் சீட்டில் என்ன எழுதுவது?

கோபி_பல்கிளினிக்:

வணக்கமுங்க. சத்தியமங்கலம் பக்கத்து அம்மா ஒருத்தர், வயசு 58. வலது கீழ் முதல் கடைவாய்ப்பல் (46) எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது, இம்ப்ளான்ட் கேட்கறாங்க. அதுக்குப் பின்பல் 47-ல மெட்டல் செராமிக் கேப் இருக்கு. முன்பக்கத்துப் பல் 45-ல வேர்சிகிச்சை செஞ்சு மெட்டல் போஸ்ட் (வேருக்குள்ள இறக்கற கம்பி) வச்சிருக்கு, கடிச்சா லேசா வலிக்குதுங்கறாங்க. ஓபிஜி-ல (ரெண்டு தாடையும் ஒரே படமா வர்ற எக்ஸ்ரே) எலும்பு முகட்டுல இருந்து கீழ்த்தாடை நரம்புக் கால்வாய் வரைக்கும் 14 மி.மீ. காட்டுது. 10 மி.மீ. இம்ப்ளான்ட் தாராளமா வைக்கலாம்னு தோணுது.

கேள்விகள்: இதுக்கு மேல சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) வேணுமுங்களா? எடுத்தா எவ்வளவு பகுதி, என்ன வாக்சல் (படத்தோட மிகச் சின்னக் கனசதுரத்தின் அளவு)? சென்டர்ல ஃபிலிம் ஒண்ணும் வாட்ஸ்ஆப்ல நாலு படமும் வருது, அதை வச்சு அளக்கலாமா? அதே ஸ்கேன்ல 45-ல வேர் விரிசல் இருக்கான்னு பார்த்துடலாமா? "கதிர்வீச்சு ஜாஸ்தியாமே"ன்னு பையன் வேற கேட்கறார்.

கோவை_வாய்க்கதிரியல்:

அந்த 14-ஐ முதல்ல பார்க்கலாமுங்க. ஓபிஜி படம் நிஜத்தை விடப் பெருசாத்தான் விழும், பொதுவா 20 முதல் 30 சதவீதம். 5 மி.மீ. ஸ்டீல் குண்டை மெழுகுல ஒட்டி அந்த இடத்துல வச்சு எடுத்திருந்து, படத்துல அது 6.25 வந்தா பெருக்கம் 1.25. அப்போ உங்க 14 உண்மையில 11.2. கால்வாய்க்கு மேல 2 மி.மீ. பாதுகாப்பு விட்டா 9.2. ட்ரில் முனை குறிக்கோட்டைத் தாண்டி இன்னும் 1 மி.மீ. வரைக்கும் இறங்கும் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவங்க அட்டவணையைப் பாருங்க). மிச்சம் 8.2. முகடு கத்தி மாதிரி கூரா இருந்து சமப்படுத்த வேண்டியிருந்தா அதுலயும் ஒண்ணு ரெண்டு மி.மீ. போயிடும். தாராளம்னு நினைச்ச 10 மி.மீ. இம்ப்ளான்ட் நரம்பு மேல உட்கார்ந்துடும். உங்க சாஃப்ட்வேர் பெருக்கத்தை ஏற்கெனவே கழிச்சுத்தான் காட்டுதான்னு உறுதிப்படுத்திக்கங்க. தெரியலைன்னா கழிக்கலைன்னே வச்சுக்கறது நல்லது.

உயரத்தையாவது இப்படிக் கணக்குப் போட்டுடலாம். அகலம் ஓபிஜி-ல கிடையவே கிடையாது. 4.2 மி.மீ. இம்ப்ளான்ட்டுக்கு கன்னப் பக்கம் 1.5, நாக்குப் பக்கம் 1.5 விட்டா 7.2 மி.மீ. அகலம் வேணும். பல் எடுத்து இவ்வளவு நாளானா கன்னப் பக்கச் சுவர்தான் முதல்ல கரைஞ்சிருக்கும். அதை விட முக்கியம், கீழ்க் கடைவாயில நாக்குப் பக்கம் மைலோஹையாய்டு மேட்டுக்கு (வாயடித் தசை ஒட்டற எலும்பு வரம்பு) கீழ எலும்பு உள்வாங்கி இருக்கும். பல் இருந்த திசையிலேயே ட்ரில் இறக்கினா அந்தக் குழியில சுவரை ஓட்டை போட்டுடும். அங்க ரத்தக்குழாய் கிழிஞ்சா வாயடியில ரத்தம் கட்டி, நாக்கு மேலே தள்ளி, மூச்சே அடைக்கலாம். இந்த இடத்துல சிபிசிடி எடுக்கணும்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் நரம்பை விட இந்தக் குழிதான். அமெரிக்க வாய் கதிரியல் கழகமும் 2012 நிலைப்பாட்டுல இம்ப்ளான்ட் இடத்துக்குக் குறுக்குவெட்டுப் படம் வேணும், அதுக்கு சிபிசிடி-தான் பொருத்தம்னு சொல்லியிருக்கு.

பகுதி: 5×5 செ.மீ. (விட்டம் × உயரம்) போதும். வாக்சல் 0.2 மி.மீ. 0.1-க்குப் போனா படம் துல்லியமாகும்னு நினைக்காதீங்க. வாக்சல் சிறுசாக ஆக இரைச்சல் கூடும், அதை அடக்க டோஸ் ஏத்தணும். நோயாளியோட தலை கால் மி.மீ. அசைஞ்சாலே அந்த நுணுக்கம் போச்சு. சுழற்சியைத் தேர்ந்தெடுக்கற வசதி மெஷின்ல இருந்தா 180 டிகிரி கேளுங்க, 360-ஐ விட டோஸ் ஏறக்குறைய பாதி. இம்ப்ளான்ட் அளவுக்குப் பெரும்பாலும் அது போதும்.

அளக்கறப்போ: முதல்ல தாடையை நேராக்கணும். ஆக்ஸியல் (கிடைவெட்டு) தளம் கீழ்ப்பல் கடிதளத்துக்கு இணையா இருக்கட்டும். வளைகோட்டை முகட்டு நடுவுல வரைஞ்சு, அதுக்குச் செங்குத்தா 1 மி.மீ. இடைவெளியில குறுக்குவெட்டு எடுங்க. வெட்டு 20 டிகிரி சாய்ஞ்சா 11 மி.மீ. உயரம் 11.7-ன்னு காட்டும், அந்த முக்கால் மி.மீ. உங்க பாதுகாப்பு இடைவெளியில இருந்துதான் போகுது. கால்வாயை மென்டல் ஃபொராமென்ல (நரம்பு எலும்பை விட்டு வெளிய வர்ற துளை) பிடிச்சு ஒவ்வொரு வெட்டா பின்னாடி நகர்ந்து தேடுங்க. சென்டர்ல வரைஞ்சு கொடுக்கற சிவப்புக் குழாய் யாரோ மவுஸால வச்ச புள்ளிகள்தான். அதை ஒரு தடவை மறைச்சுட்டு வெறும் படத்துல கால்வாய் ஓரம் தெரியுதான்னு பாருங்க.

சாஃப்ட்வேர் "எலும்பு அடர்த்தி 850 எச்யூ"ன்னு காட்டினா நம்பாதீங்க. சிபிசிடி-யோட சாம்பல் மதிப்பு நிஜமான ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (எச்யூ, ஆஸ்பத்திரி சிடி-ல அடர்த்தியைச் சொல்ற அளவு) இல்லை. மெஷினுக்கு மெஷின், ஒரே படத்துலயே இடத்துக்கு இடம் மாறும்.

45 விஷயம்: போஸ்ட்டைச் சுத்தி கறுப்புக் கோடு விழும், அது விரிசல் மாதிரியே தெரியும். அதைப் பார்த்துப் பல்லைப் பிடுங்கிடக் கூடாது. மெல்லிய விரிசல் நேரடியா தெரியறதே அபூர்வம். வேரை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் எலும்பு கரைஞ்சிருக்கான்னு பாருங்க. அதுக்கு முன்னாடி ப்ரோப் (ஈறு இடுக்கின் ஆழம் அளக்கற கருவி) போட்டு ஒரே இடத்துல மட்டும் குறுகலா ஆழமா இறங்குதான்னு பார்த்துட்டு, ரெண்டு கோணத்துல ஐஓபிஏ (வாய்க்குள்ள வச்சு எடுக்கற சின்ன எக்ஸ்ரே) எடுங்க. 46-க்கான முடிவே 45 நிக்குமா போகுமாங்கறதைப் பொறுத்துத்தான் இருக்கு.

பையனுக்கு: ஓபிஜி சுமார் 3 முதல் 24 மைக்ரோசீவர்ட். சிபிசிடி மெஷினையும் பகுதியையும் பொறுத்துச் சில பத்துல இருந்து சில நூறு வரை, 5×5 எடுத்தா அதுல கீழ்ப்பக்கம்தான் இருக்கும். தாடைக்கு ஆஸ்பத்திரி சிடி ஆயிரத்தையும் தாண்டலாம். இயற்கையிலேயே வருஷத்துக்கு உலக சராசரி 2400. ஆகவே பயப்படற அளவு இல்லை. அதுக்காகத் தேவையில்லாம முழு மண்டை எடுக்கற அளவுக்கு லேசாவும் எடுத்துக்கக் கூடாது.

பெருந்துறை_ஸ்கேன்டெக்:

டாக்டர், படம் கெடறதுக்கு முதல் காரணம் அசைவுதானுங்க. சுழல்ற கையைக் கண்ணால தொடர்ந்தா தலையும் கூடவே திரும்பும், அதனால கண்ணை மூடிக்கச் சொல்லணும். எச்சிலை முன்னாடியே முழுங்கிட்டு 10, 20 விநாடி அப்படியே இருக்கணும். எலும்போட வெளிக்கோடு ரெண்டா தெரிஞ்சா அசைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம், அதுல அளக்காதீங்க.

மேல் கீழ் பல் ஒட்டாம பஞ்சுச் சுருள் கடிக்க வைப்போம். கீழ்ப்பல் தளம் தரைக்கு இணையா இருந்தா 47 கேப்போட கோடுகள் பெரும்பாலும் எலும்புக்கு மேலேயே நின்னுடும். 45 போஸ்ட் எலும்பு மட்டத்துலயே இருக்கறதால முகட்டோட முன்பக்கம் கொஞ்சம் கறுப்பாத்தான் வரும், அதை எலும்பு இல்லைன்னு படிச்சுடாதீங்க.

நகை விஷயம் நம்ம ஊர்ல தினமும் வரும். தோடு, ஹேர்பின், கழட்டற பல்செட் எல்லாம் எடுத்துடணும். தாலிக்கொடியைக் கழட்டச் சொல்ல வேண்டியதில்லை, ஜாக்கெட்டுக்குள்ள கீழே இறக்கி விட்டாப் போதும். கீழ்த்தாடை 5×5-க்கு மூக்குத்தியும் பகுதிக்கு மேலே போயிடும். மேல் முன்பல்லுன்னா அவசியம் கழட்டணும், திருகு இறுகி இருக்கும், வீட்லயே எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்புங்க.

வாட்ஸ்ஆப் படத்துல அளக்கவே கூடாது. ஃபிலிமா இருந்தா ஓரத்துல இருக்கற 10 மி.மீ. அளவுகோலை ஸ்கேல் வச்சுப் பாருங்க, பிரின்டர் சுருக்கியிருந்தா தெரிஞ்சுடும். நீங்க கேட்க வேண்டியது முழு டைகாம் (ஸ்கேனோட மூலக் கோப்பு). 5×5, 0.2 வாக்சல் சுமார் 31 எம்பி-தான். 8×8 எடுத்தாலும் 128. ஜிப் பண்ணி டாகுமென்ட்டா அனுப்பலாம். ஆனா ஒண்ணு, சைஸைக் குறைக்கறதுக்காக 1 மி.மீ. ஸ்லைஸா மாத்தி ஏத்துமதி பண்றவங்க உண்டு. எடுத்த வாக்சல்லயே வேணும்னு சீட்டுல எழுதிடுங்க.

திருப்பூர்_இம்ப்ளான்ட்:

5×5-ல எனக்கு ஒரு மறுப்பு இருக்குங்க. சர்ஜிகல் கைடு (ட்ரில் இறங்கற இடத்தையும் திசையையும் பிடிச்சுக் கொடுக்கற அச்சு) அடிக்கறதா இருந்தா அது பத்தாது. டைகாமையும் பல்லோட எஸ்டிஎல்-ஐயும் (பல் மேற்பரப்போட 3டி கோப்பு) ஒண்ணு மேல ஒண்ணு பொருத்த, மெட்டல் கோடு விழாத பல் மூணு நாலு, அதுவும் தள்ளித் தள்ளி வேணும். இங்க ரெண்டு பக்கமும் மெட்டல். 5×5-ல பொருத்தினா ஸ்கிரீன்ல அழகா ஒட்டின மாதிரி தெரியும், முனையில விலகிப் போயிருக்கும். கீழ்வரிசை முழுக்க வர்ற மாதிரி 8×5 எடுங்க. பொருத்தினதும் மெட்டல் இல்லாத முன்பல்லுல குறுக்குவெட்டு போட்டு, எஸ்டிஎல் கோடு எனாமல் ஓரத்தோட சேருதான்னு பாருங்க.

கைடு இருக்குன்னு 2 மி.மீ.-ஐக் குறைச்சுடாதீங்க. நல்ல கைடுலயும் நுழைவாயில சராசரியா 1 மி.மீ.க்கு மேல விலகும், அடிமுனையில இன்னும் கூட.

கோபி_பல்கிளினிக்:

நன்றிங்க. குண்டு வச்சு எடுக்கலை, அதனால 14-ஐ விட்டுடறேன். ஐஓஎஸ் (வாய்க்குள்ள பல்லை ஸ்கேன் பண்ற கருவி) இல்லை, அச்சு எடுத்து லேப்ல ஸ்கேன் பண்ணிக்கலாம், கைடு அடிக்கத்தான் போறோம். சீட்டு இப்படி எழுதட்டுங்களா?

"46 இம்ப்ளான்ட் திட்டம், கைடு செய்யப்படும். கீழ்த்தாடை, 8×5 செ.மீ., 0.2 மி.மீ., பற்கள் பிரிந்த நிலையில். 47 மெட்டல் கேப், 45 மெட்டல் போஸ்ட். பார்க்க வேண்டியது: கால்வாய் உயரம், முகட்டு அகலம், நாக்குப் பக்கக் குழி, 45 வேர் ஓர எலும்பு. எடுத்த வாக்சலிலேயே முழு டைகாம் தேவை."

கோவை_வாய்க்கதிரியல்:

சரியா இருக்குங்க. ரெண்டு சேர்த்துக்கங்க. "படத்தில் விழுந்த பகுதி முழுவதற்கும் ரிப்போர்ட் தேவை"ன்னு ஒரு வரி. 8×5-ல எதிர்ப்பக்கத் தாடையும் வரும், அங்க கட்டியோ புதைஞ்ச பல்லோ இருந்தா யாரும் பார்க்கலைன்னு ஆகக் கூடாது. அடுத்தது, சீட்டு கொடுக்கறதுக்கு முன்னாடியே 45-க்கு ப்ரோப்பும் ஐஓபிஏ-வும் முடிச்சுடுங்க. 45-ஐ எடுக்க வேண்டி வந்தா திட்டம் ரெண்டு பல்லுக்கானதா மாறும், மென்டல் நரம்போட முன்வளைவையும் பார்க்கணும். அதைச் சீட்டுலயே எழுதிட்டா அந்த அம்மா மறுபடி ஸ்கேனுக்கு அலைய வேண்டியதில்லை.