மினியேச்சரை பேஸில் ஒட்ட எந்தப் பசை நிற்கும்?

பெரம்பூர் பகடை:
ஞாயிறு மதியம் பெரம்பூரில் நண்பன் வீட்டு மாடியில் கூடி சின்னப் பொம்மை வீரர்களை மேஜையில் நிறுத்திப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற கும்பல் நாங்கள். ஆட்டமெல்லாம் நன்றாகத்தான் போகிறது, பொம்மைகள்தான் நிற்க மாட்டேன் என்கின்றன. எங்களிடம் மூன்று வகை இருக்கிறது. கூட்டத்தில் ஒருவன் ரெசின் என்கிற திரவப் பிளாஸ்டிக்கை இறுக்கி உருவம் செய்யும் 3டி பிரிண்டரில் அடித்துத் தருவது, சட்டத்திலிருந்து வெட்டி நாமே சேர்க்கிற பிளாஸ்டிக் கிட், அப்புறம் பழைய உலோக டிராகன் ஒன்று, நல்ல கனம். பேஸ், அதாவது பொம்மை நிற்கிற அடித்தட்டு, எல்லாம் லேசர் கட்டிங் கடையில் வெட்டி வாங்கிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வட்டங்கள், ஆட்களுக்கு 25 மி.மீ., டிராகனுக்கு 50.

இதுவரை போடுவது பெட்டிக்கடையில் கிடைக்கிற சூப்பர் க்ளூ. ஒட்டும்போது கெட்டியாகத்தான் பிடிக்கிறது, ஆனால் வியாசர்பாடியிலிருந்து பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து இறங்குவதற்குள் நாலைந்து பேர் பேஸை விட்டுக் கழன்று பைக்குள் உருண்டுகொண்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு கறுப்பு அடித்த பூட்ஸைச் சுற்றி சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை படிகிறது. ஒருவன் அரால்டைட் என்கிறான், இன்னொருவன் ஃபெவிகாலே போதும் என்கிறான், ஹார்டுவேர் கடைக்காரர் செருப்புக்குப் போடும் பசையை எடுத்து நீட்டுகிறார். மூன்று வகைக்கும் சேர்த்து ஒரே பசை இருக்கிறதா?

கொளத்தூர் தூரிகை:
ஒரே பசை கிடையாது ப்ரோ. எதை எதன்மேல் ஒட்டுகிறோம் என்று பார்த்துத்தான் பசை.

கிட் பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதற்கு டமியா கம்பெனி விற்கிற மாதிரி பிளாஸ்டிக் சிமென்ட் இருக்கிறது, அது பசையே இல்லை, இரண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும், காய்ந்தபின் மூட்டு என்று தனியாக எதுவும் இருக்காது. ஆனால் இரண்டு பக்கமும் பாலிஸ்டைரீனாக இருக்கவேண்டும். உங்கள் எம்.டி.எஃப்.மேல் அதை எவ்வளவு தடவினாலும் பிரயோஜனம் இல்லை, ரெசினிலும் உலோகத்திலும் அதே கதைதான். கிட்டோடு வந்த பிளாஸ்டிக் பேஸை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் அதையே போடுங்கள், அந்த வகைக்குப் பிரச்சினை அதோடு முடிந்தது.

சூப்பர் க்ளூ விஷயம் வேறு. அதை இறுக வைப்பதே காற்றிலும் பொருளின் மேலும் இருக்கிற ஈரப்பதம்தான், அதனால் நம் பக்கத்துக் கடற்காற்றில் மளமளவென்று பிடித்துவிடும். அதை நம்பி ஒரு குளம் கட்டி ஊற்றினால் ஓரம் இறுகி நடுவில் அப்படியே திரவமாகக் கிடக்கும். ஒரு சொட்டு, அதுவும் மெல்லிசாக, அரை நிமிடம் அசையாமல் பிடித்தால் போதும். எம்.டி.எஃப். தண்ணியான க்ளூவை உறிஞ்சிவிடும் என்பதால் கால் வைக்கப்போகிற இடத்தில் முதலில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, அதன்மேல் ஜெல் வகையைப் போட்டு ஒட்டுங்கள். முக்கியமாக, பெயிண்ட் அடித்த பாதத்தை பெயிண்ட் அடித்த பேஸில் ஒட்டாதீர்கள். அப்படிச் செய்தால் பெயிண்ட்தான் பெயிண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், பசை அல்ல. இரண்டு இடத்திலும் சுரண்டிவிட்டு ஒட்டவேண்டும்.

அந்த வெள்ளை, க்ளூவின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் படிவது. கைரேகை எடுக்க போலீஸ் பயன்படுத்துவதும் இதே ஆவியைத்தான். க்ளூவைக் குறைத்து, ஃபேன் ஓடும் இடத்தில் காயவிட்டால் பெரும்பாலும் வராது. ஏற்கெனவே வந்ததன்மேல் வார்னிஷ் அடித்தால் மறைந்துவிடும்.

காசிமேடு ஃபைபர்:
தம்பி, நான் ஃபைபர் படகு ரிப்பேர் வேலை. பொம்மை விளையாட்டு தெரியாது, ஒட்டுகிற வேலை தெரியும். அந்த உலோக டிராகனுக்கு சூப்பர் க்ளூ சரிப்படாது. அது இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் அடி விழுந்தால் படக்கென்று விட்டுவிடும். கனமான சாமானுக்கு அரால்டைட்தான், பழைய ரெண்டு டியூப், ராத்திரி முழுக்கக் காய்கிற வகை. அஞ்சு நிமிஷ வகை அவசரத்துக்கு நல்லது, பிடிமானம் கொஞ்சம் குறைவு. ரெண்டையும் சரிபாதி எடுத்து நன்றாகக் கலக்கணும், இறுக வைக்கிற டியூப்பான ஹார்டனரைக் கூடப் போட்டால் சீக்கிரம் காயும் என்று ஒரு நினைப்பு நிறைய பேருக்கு உண்டு, அப்படி இல்லை, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

ஒட்டும் முன்னால் ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போடு. பளபளப்பாக இருக்கிற எதன்மேலும் எந்தப் பசையும் சரியாக உட்காராது. தேய்த்த தூளைத் துடைத்துவிட்டு, அப்புறம் விரல் படாமல் ஒட்டு, கையில் இருக்கிற எண்ணெயே போதும் காரியத்தைக் கெடுக்க. கனம் அதிகம் என்றால் காலடியில் 1 மி.மீ. ஓட்டை போட்டு ஒரு துண்டுக் கம்பி சொருகு, ஜெம் கிளிப்பை வெட்டினாலே ஆச்சு, பேஸிலும் அதற்கு நேராக ஒரு ஓட்டை. பாரத்தைக் கம்பி தாங்கிக்கொள்ளும், பசைக்கு வேலை கம்மி.

எங்கள் படகு ரெசினைக் கேட்டு வந்துவிடாதே, நாத்தம் வீட்டை விட்டுப் போகாது.

பெரம்பூர் பகடை:
ரொம்ப நன்றி அண்ணே. டிராகனுக்குக் கம்பிதான். ரெசின் ஆட்களுக்கும் அப்படியே செய்யலாமா? கணுக்கால் தீக்குச்சி கனம்கூட இல்லை, டிரில் வைத்தால் உடைந்துவிடுமோ என்று பயம்.

பெரியமேடு சோல்:
அதற்கு முன்னால் செருப்புப் பசை பற்றி ஒரு வார்த்தை, அது என் ஏரியா. வேண்டாம். ரெண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, ஒரே அழுத்து. தப்பான இடத்தில் வைத்துவிட்டால் நகர்த்த முடியாது. காய்ந்தபின்னும் ரப்பராகவே இருக்கும், சோலுக்கு அது நல்லது, உங்கள் வீரன் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டே இருப்பான். தெர்மகோலில் மலை, குகை செய்கிறீர்கள் என்றால் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள், கரைத்துக் குழியாக்கிவிடும்.

வண்ணை வார்ப்பு:
தூரிகையும் அண்ணனும் சொன்னது சரி, ஆனால் ரெசின் விஷயத்தில் நான் வேறு கட்சி. அந்த ஒல்லிக்கால் ஆட்களை அவ்வளவு கெட்டியாக ஒட்டவே கூடாது. மேஜையிலிருந்து விழும்போது எங்காவது ஒரு இடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். சூப்பர் க்ளூ என்றால் பாதத்துக்கு அடியில் சுத்தமாக விடும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். அரால்டைட்டும் கம்பியும் போட்டு இறுக்கினால் பாதம் பேஸிலேயே நிற்கும், ஆள் கணுக்காலோடு முறிந்து தனியே கிடப்பான், அதை எந்தப் பசையை வைத்து நிமிர்த்துவது? பின்னால் பேஸ் மாற்றத் தோன்றினாலும் சூப்பர் க்ளூதான் வசதி, கொஞ்ச நேரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் பட்டென்று விடும். ரெசினுக்குக் கம்பி வேண்டும்தான் என்றால் டிரில் வேண்டாம், பிரிண்ட் போடுகிற நண்பரிடம் சொல்லி பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன முளையோடு அடிக்கச் சொல்லுங்கள். நன்றாகக் கழுவி முழுக்க க்யூர் செய்தாரா, அதாவது புற ஊதா ஒளியில் வைத்து இறுக்கினாரா என்றும் கேளுங்கள். மேலே பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் ஒட்டுவதெல்லாம் வீண்.

உண்மையான கோளாறு பஸ்ஸில்தான் இருக்கிறது. பேஸுக்கு அடியில் சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றை ஒட்டி, பிஸ்கட் டின்னுக்குள் நிற்க வைத்துக் கொண்டுபோங்கள். எவர்சில்வர் டப்பாவை நம்பவேண்டாம், பலதில் காந்தம் பிடிக்காது, கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கொளத்தூர் தூரிகை:
வார்ப்பு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ரெசினுக்கு சூப்பர் க்ளூவே போதும். ஃபெவிகால் கேட்டிருந்தீர்களே, அது பேஸ்மேல் மணல் தூவ மட்டும். தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் அது காயும், ரெசினும் உலோகமும் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் பாதத்துக்கு அது ஆகாது. எம்.டி.எஃப்.இல் ஒரு பக்கம் மட்டும் தடவினால் மெல்லிய வட்டம் வளைந்துவிடும், முதலில் ரெண்டு பக்கமும் பிரைமர் அடித்துவிடுங்கள். பாதம் வரும் இடத்தை மட்டும் அப்புறம் சுரண்டிக்கொள்ளலாம். மணலை பீச்சிலிருந்து அள்ளினால் உப்பு போகக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

பெரம்பூர் பகடை:
பிஸ்கட் டின் வீட்டிலேயே இருக்கிறது, அம்மா அதில் தையல் சாமான் வைத்திருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, திறந்த சூப்பர் க்ளூ அடுத்த ஞாயிறுக்குள் கல்லாகிவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

வண்ணை வார்ப்பு:
ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், சாப்பாட்டுச் சாமானோடு கலக்காமல். எடுத்தவுடனே திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் சில்லென்ற பாட்டிலுக்குள் காற்றிலிருக்கும் ஈரம் இறங்கிவிடும். விரலில் ஒட்டினால் வெந்நீரும் சோப்பும், அல்லது அசிட்டோன் இருக்கிற நெயில் பாலிஷ் ரிமூவர். பஞ்சையோ பருத்தித் துணியையோ வைத்து க்ளூவைத் துடைக்காதீர்கள், சூடேறிப் புகை வந்து கை சுட்டுவிடும்.