தகரக் கொட்டகைக்குள் பழைய ஃபோம் பலகைகள்: மழை இல்லாமலே தண்ணீர் சொட்டுகிறது

கேள்வி:
வீட்டின் பின்புறம் 3 மீட்டருக்கு 4 மீட்டரில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்தான் மர வேலை செய்கிறேன். இடித்த கிடங்கின் கூரையிலிருந்து கழற்றிய ஃபோம் பலகைகள் 13 கிடைத்தன. மஞ்சள் நுரை, இரு பக்கமும் அலுமினியத் தாள், 1.2 × 2.4 மீட்டர், 50 மி.மீ. கனம். ஐந்தை வெட்டிக் கூரைச் சட்டங்களுக்கு நடுவே தகரத்தை ஒட்டிச் செருகினேன். ஓரங்களில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அதில் பழைய துணியைத் திணித்தேன். இரவில் குளிருக்குச் சிறிய எரிவாயு ஹீட்டரை வைத்துக்கொள்கிறேன். மூன்று வாரமாக மழையே இல்லை. ஆனாலும் காலையில் இணைப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இழைத்து வைத்த தேக்குப் பலகையில் வட்ட வட்டமாகக் கறை. ஓட்டை எங்கே என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

பதில்:
ஓட்டை இல்லை, ஐயா. அது உள்ளே இருந்து போகும் ஈரம். வெப்பமான காற்று அந்தத் துணி வழியாக மேலே ஏறிக் குளிர்ந்த தகரத்தில் பட்டதும் நீராகிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தண்ணீர் நீராவியாக வெளிவரும். குழாய் வழியே புகையை வெளியேற்றாத ஹீட்டர் என்றால், அவ்வளவும் கொட்டகைக்குள்தான். துணி அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொட்ட விடுகிறது. அலுமினியத் தாளை நீராவி கடக்காது. ஆகவே பலகையில் குறையில்லை, ஓரங்களில்தான் குறை.

ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். கூரையில் கிடந்த பலகை வெட்டிய ஓரம் வழியாக நீரை உறிஞ்சியிருக்கலாம். உங்கள் அளவுக்கு, காய்ந்த முழுப் பலகை ஐந்து கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மீதமுள்ள எட்டையும் நிறுத்துப் பாருங்கள்.

இன்னொருவர்:
அதற்கு முன் அந்த ஹீட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். நாளை இடைவெளிகளை அடைத்த பின் அதே ஹீட்டரை ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அதற்கு வாசனையில்லை, தலைவலி, மயக்கம் என்று தெரிவதற்குள் எழுந்து நடக்கும் வலுவே போய்விடலாம். மின்சார ஹீட்டர் போதும், ஈரமும் சேராது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:
ஹீட்டரை எடுத்துவிட்டேன், நன்றி. எட்டில் ஐந்து பலகைகள் ஐந்து, ஐந்தரைக் கிலோ. மற்ற மூன்றும் ஒன்பதுக்கு மேல். அவற்றில் ஒன்றின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தது. வெயிலில் காய வைத்தால் சரியாகுமா? சரியானவற்றை எப்படிப் பொருத்துவது?

பதில்:
அந்த மூன்றையும் கழித்துவிடுங்கள். இரு பக்கமும் தாள் மூடியிருப்பதால் மாதக்கணக்கில் வைத்தாலும் நடுப்பகுதி காயாது. ஈரமான நுரை வெப்பத்தைத் தடுக்காது, பக்கத்திலுள்ள மரத்தையும் கெடுக்கும்.

கூரையில் இருப்பவற்றைக் கழற்றி, துணி முழுவதையும் எடுத்துவிட்டு, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே 25 மி.மீ. வெற்றிடம் வருமாறு மரப்பட்டிகளை அடியுங்கள். இறவாரத்திலும் கூரை முகட்டிலும் அந்த வெற்றிடம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். பலகையைச் சட்டத்தின் அளவைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்து வெட்டி, அந்த இடத்தில் ஸ்பிரே ஃபோமை நிரப்புங்கள். இறுக்கமாகச் செருகினால் ஏதாவது ஒரு மூலையில் இடைவெளி வந்தே தீரும். பழைய பலகையின் விளிம்பு எப்போதும் நேராக இருக்காது. ஃபோம் காய்ந்ததும் துருத்துவதைச் சீவிவிட்டு, எல்லா இணைப்புகளிலும் அலுமினிய டேப்பை ஒட்டுங்கள். தாளைத் துணியால் துடைத்து தூசியைப் போக்காவிட்டால் ஒரு மாதத்தில் டேப் உரிந்து தொங்கும். நீண்ட அலகுள்ள கத்தியால் வெட்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள். சூடான கம்பி தெர்மோகோலுக்குச் சரி. இந்த நுரையில் அது நச்சுப் புகையைத்தான் கிளப்பும்.

இன்னொருவர்:
நுரையைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள். மரத்தூள் பறக்கும் இடம் அது, தீப்பொறி பட்டால் நுரையும் எரியும். கூரையின் உட்புறமும் சுவரும் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகையால் மூடப்பட வேண்டும். மின்கம்பிகளை நுரைக்குள் புதைக்காமல் ஜிப்சத்தின் அறைப் பக்கத்தில் குழாயில் கொண்டுபோங்கள். நுரை சூழ்ந்த கம்பியின் சூடு வெளியேற வழியிருக்காது.

கேட்டவர்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கூரை மட்டும் முடிந்தது, ஜிப்சமும் அடித்தாகிவிட்டது. நேற்று விடியற்காலையில் தகரத்தின் வெளிப்புறம் பனி பூத்திருந்தது. உள்ளே டேப் ஒட்டிய இணைப்பின் கீழே வைத்திருந்த காகிதம் காய்ந்தே கிடந்தது. மீதமுள்ள ஐந்து பலகைகளும் வடக்குச் சுவருக்குப் போகின்றன.