புதுப்பிப்பு: அப்பாவின் பைபாஸ் ஆபரேஷனும் என் பயமும்

அப்பாவுக்கு பைபாஸ் என்றதும் தூக்கம் போய்விட்டது, என்ன செய்வது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு மாமி எழுதிய பூனைக்குட்டி பதில்தான். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வைணவத்தில் தென்கலைப் பிரிவினர் சொல்லும் சரணாகதி, அதாவது பெருமாளிடம் நம்மை ஒப்படைப்பது, இந்த இரண்டாவது வகை. நானோ எல்லாம் என் பிடியில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி முன் நின்று, "இனி நீயே தூக்கிக்கொள்" என்றேன். அன்றிரவு தூங்கினேன்.

எதிர்பாராதது ஒன்று: பயம் முழுதாகப் போகவில்லை. ஆபரேஷன் அன்று கை நடுங்கியது. ஆனாலும் ரத்தத்துக்கு ஆள் சேர்ப்பது, அப்புறம் அம்மாவைச் சாப்பிட வைப்பது, எல்லாம் நிதானமாகச் செய்ய முடிந்தது.